ஒரே விசிலில் இறால் சோறு

எங்கள் எதிர் வீட்டுச் சிவலிங்கம் சாருக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அரிசியையும் இறாலையும் குக்கரில் போட்டு ஒரே விசிலில் இறக்கிவிடுவார். நான் சாப்பிட்டுப் பார்த்து இதைச் சொல்லவில்லை. மீனும் முட்டையும் எங்கள் வாசற்படி தாண்டியதே கிடையாது. ஆனால் பதினோரு வருஷம் எதிர் வாசலில் குடியிருந்தவளுக்கு அந்த வீட்டுக் குக்கரின் குணம் தெரியாமல் போகுமா?

கல்கத்தாவில், பவானிபூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்று மாடி வீடு. இரண்டாவது மாடியில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் பிறந்ததே இந்தப் பவானிபூரில்தான். என் கணவர் பாலசுப்ரமணியன் பாங்க் ஆபீசர், அவரும் இந்த ஊர்ப் பிறவி. சிவலிங்கம் சார் தூத்துக்குடிக்காரர். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். அப்போதே வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் அவர் பெங்காலி பேசினால் எனக்குக் காது கூசும். பேருந்தில் வழிவிடச் சொல்வதற்கும் காய்கறி விலை கேட்பதற்கும் போதுமான பெங்காலி, அவ்வளவுதான்.

மனுஷர் எதையும் ஆபீஸ் ஃபைல் போலத்தான் செய்வார். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் அதன் முன்னால் நிற்பார். விசில் வந்ததும் "ஆச்சு" என்று சத்தமாகச் சொல்லி அடுப்பை அணைப்பார். ஒரு தடவை டெலிபோன் மணி அடித்து, எடுக்கப் போன நேரத்தில் இரண்டாவது விசிலும் வந்துவிட்டது. "ரப்பராப் போச்சு மாமி, எல்லாம் ரப்பராப் போச்சு" என்று இரண்டு நாள் துக்கம் காத்தார்.

கட்டடத்துப் பெங்காலிகளுக்கு இது புரியவே இல்லை. மீன் என்றால் கடுகெண்ணெயில் பொரித்து, பிறகு குழம்பில் மெதுவாக இறக்க வேண்டும் அவர்களுக்கு. "குக்கரில் மீனா!" என்று கீழ்வீட்டு போதி என்னிடம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியை இங்கே போதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் சிவலிங்கம் சாருக்கும் நடந்த சண்டையோ மீனைப் பற்றியதே அல்ல. கருவாட்டைப் பற்றியது.

சிவலிங்கம் சாரின் மனைவி சுலோசனா ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவருவாள். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, டப்பாவில் அடைத்துப் பரண் மேல் வைத்திருப்பாள். அவர்கள் அதைக் குழம்பு வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் காபிகூடக் கருவாடாக மணக்கும். ஒருநாள் நான் வாசலில் நின்று கத்தித் தீர்த்தேன். அப்புறம் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. கருவாட்டைக் குக்கருக்குள் மூடித்தான் வேகவைக்க வேண்டும். குக்கரில் வெயிட் போடுமுன் எங்கள் வீட்டு மணியை அடித்துச் சொல்ல வேண்டும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சிவலிங்கம் சார் இதை ஒருமுறைகூட மீறியதில்லை. அந்த நேர்மையைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், கல்பனா. ஜாதவ்பூரில் எம்.ஏ. படித்தபோது சுப்ரதிம் சென்குப்தா என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது. தங்கமான பையன். சுலோசனா ஒரு வாரம் அழுதுவிட்டுச் சரி என்றாள். பையனின் அம்மாவும் சரி என்றாள். அப்பா நிர்மலேந்து சென்குப்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என் அப்பா மனசார ஒத்துக்கலைன்னா நான் தாலி கட்டறது நடக்காது" என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். கல்பனா எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் குப்புறப் படுத்து அழுவாள். என் கண் முன்னால் வளர்ந்த குழந்தை.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சரியாக நினைவில்லை. ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மழை. சுலோசனா தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். அன்று சால்ட் லேக்கில் மோகன்பாகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஃபுட்பால் மேட்ச். என் கணவர் பகலிலேயே கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் சிவலிங்கம் சார் வந்து என் மணியை அடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாமி, கல்பனா போன் பண்ணினா. அந்தப் பையனோட அப்பா ஏழு மணிக்கு வாராவளாம். வீட்டையும் ஆளையும் நேர்ல பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவாவளாம். இவ எங்கயோ பஸ் இல்லாம மாட்டிக்கிட்டு நிக்கா. இவ அம்மாவும் ஊர்ல இல்ல. நான் என்னத்தச் செய்ய?"

"ஸ்வீட் வாங்கி வெச்சு டீ போட்டுக் குடுங்கோ. போறும்."

"நம்ம வீட்டுக்கு மொத மொத வாரவுகளச் சாப்பிடாம அனுப்பலாமா? அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க பெங்காலி பேச மட்டும் கூட இருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையோடு பஜாருக்கு ஓடினார்.

அரை மணியில் திரும்பியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எப்போதும் சிடுசிடுக்கும் மீன்காரன் இன்று இவரைக் கட்டிப்பிடித்தானாம். நல்ல பெரிய இறாலாகப் பொறுக்கிக் கொடுத்து, கேட்காமலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டானாம். "நல்ல சகுனம் மாமி" என்றார். நானாவது யோசித்திருக்க வேண்டாமா? கல்பனா கவலையில் என் மூளையும் மழுங்கிக் கிடந்தது.

மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறாலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டுப் பிசறினார். குக்கரில் எண்ணெய் காயவைத்து வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மிளகாய்த் தூள் போட்டு வதக்கி, ஊறின அரிசியும் இறாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்து மூடியைப் போட்டார். வேலையில் பிசகில்லை.

வெயிட் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆள் வந்துவிட்டார். ஆறடி உயரம், தொப்பலாக நனைந்த பஞ்சாபி ஜிப்பா, இடி விழுந்த மாதிரி முகம். நமஸ்காரம் சொன்னேன். பதில் நமஸ்காரம் வந்தது, சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தோள்பையைப் பக்கத்தில் வைத்தார். பைக்குள்ளிருந்து ஒரு கொடியின் நுனி எட்டிப் பார்த்தது. சிவப்பும் மஞ்சளும்.



இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்கத்தாப் பூர்வீகக்காரர்களுக்கு மோகன்பாகான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால். சிவப்பு மஞ்சள் ஈஸ்ட் பெங்கால் கொடி. அவர்கள் ஜெயித்தால் வீட்டுக்கு வீடு இலிஷ் மீன் வேகும். மோகன்பாகான் ஜெயித்தால் இறால். அன்று ஜெயித்தது யாரென்று அந்த முகத்திலும் மீன்காரன் கட்டிப்பிடித்ததிலும் எழுதியிருந்தது. தோற்றுப்போய் நேராக மைதானத்திலிருந்து வந்திருக்கும் மனுஷருக்கு நாங்கள் இறால் வேகவைத்துக்கொண்டிருக்கிறோம்!

"டீ கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"சார், அணைங்கோ அடுப்பை!"

"ஏன் மாமி? இன்னும் விசில் வரலயே. இப்பம் அணைச்சா அரிசி நடுவுல கல்லா நிக்கும்."

"அரிசி கிடக்கட்டும் சார்! அவர் ஈஸ்ட் பெங்கால். இன்னிக்கு மோகன்பாகான் ஜெயிச்சுடுத்து. அந்தக் கட்சிதான் ஜெயிச்சா இறால் சாப்பிடும். இதைக் கொண்டுபோய் அவர் முன்னாடி வெச்சா, தோத்துட்டியேன்னு மூஞ்சில சாணி அடிச்ச மாதிரி."

"இறால்ல கட்சியா? யாருமே என்ட்ட சொல்லலயே!"

"இருபத்தாறு வருஷமா ஊர்ல என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"மேட்ச்னா அன்னைக்கு பஸ் ஓடாதுன்னு தெரியும் மாமி. அதுக்கு மேல நான் விசாரிக்கல."

அந்த நேரம் பார்த்துக் குக்கர் அலறியது. என்ன விசில் அது! இறால் வாசனை அடுக்களையை நிரப்பிக்கொண்டு கூடத்தை நோக்கிக் கிளம்பியது. அந்த நிலையிலும் சிவலிங்கம் சார் "ஆச்சு" என்று சொல்லித்தான் அணைத்தார். பழக்கம்.

"எங்காத்துக்குக் கொண்டுபோங்கோ" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். என் அடுக்களையில் ஏகாதசியன்று வெங்காயம்கூட நுழையாது. ஆனால் கட்டிலில் குப்புறப் படுத்து அழுத கல்பனாதான் கண்முன் நின்றாள். ஒருநாள் வீட்டைக் கழுவிவிட்டால் போயிற்று.

சிவலிங்கம் சார் கொதிக்கும் குக்கரை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கூடத்தைக் கடந்தார். அது 'உஸ்ஸ்' என்று முனகிக்கொண்டே போனது. சென்குப்தா நிமிர்ந்து பார்த்தார். நான் நடுவில் நின்று, மழையைப் பற்றியும் டிராம் நின்றுபோனதைப் பற்றியும் ஏதேதோ பேசினேன். வாசல் வரை போயாகிவிட்டது. இன்னும் நாலடி வைத்தால் என் வீடு.

அப்போதுதானா என் வீட்டுக்காரர் படியேறி வர வேண்டும்! கழுத்தில் பச்சையும் மெரூனுமாகக் கொடி, தொண்டை கட்டிப்போன குரல். இறாலைத் தொடாத மனுஷர்தான். ஆனாலும் மூக்கு பவானிபூர் மூக்கு. குக்கரைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பெங்காலியில் கத்தினார்: "சிங்ரி! சிவலிங்கம்பாபு வீட்டிலும் சிங்ரி! ஜெய் மோகன்பாகான்!"

இறாலுக்குத்தான் பெங்காலியில் சிங்ரி.

சென்குப்தா எழுந்துவிட்டார். அவர் பெங்காலியில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "தோற்று வந்தவனை வீட்டில் உட்காரவைத்து இறால் வேகவைத்துக் காட்டுகிறீர்களா? பெண்ணைக் கொடுக்க இஷ்டமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லலாமே. இப்படி அவமானப்படுத்த வேண்டியதில்லை." குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தார்.

நான் என் கணவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் கொடியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போனவர்தான், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

சிவலிங்கம் சாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குக்கரை வாசலிலேயே தரையில் வைத்தார். தனக்குத் தெரிந்த பெங்காலியில் "ஒரு வாய், ஒரே ஒரு வாய், வேற இருக்கு" என்று கெஞ்சினார். வேறு என்ன இருக்கிறது அந்த வீட்டில்? அடுக்களைக்கு ஓடி, ஸ்டூலில் ஏறிப் பரணில் கையை விட்டார். நான் "வேண்டாம் சார், அது மட்டும் வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஸ்டூல் ஆடியது. டப்பா விழுந்தது. மூடி கழன்று உருண்டோடி வாசலில் சென்குப்தாவின் காலடியில் போய் நின்றது. பைகள் கிழிந்து நெத்திலிக் கருவாடு அடுக்களையிலிருந்து கூடம் வரை சிதறியது. அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல! நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன்.

சென்குப்தா ஒரு செருப்போடு நின்றார். மூக்கு விடைத்தது. மெதுவாகத் திரும்பினார்.

"ஷுட்கியா?" என்றார்.

ஷுட்கி என்றால் கருவாடு. அவர் குடும்பம் சிட்டகாங்கிலிருந்து வந்ததாம். அங்கே கருவாடு இல்லாமல் சாப்பாடே கிடையாதாம். ஆனால் அவர் கட்டிக்கொண்டது ஷ்யாம்பஜார்ப் பெண்ணை, மோகன்பாகான் வீட்டுப் பெண்ணை. கருவாடு வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாக அந்தம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். இருபத்தெட்டு வருஷமாக மனுஷர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அந்தம்மாளை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அவர் செருப்பைக் கழற்றினார். கீழே குனிந்து, சிதறினதை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். சிவலிங்கம் சாரும் உட்கார்ந்து பொறுக்கினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் சென்குப்தா.

"குக்கர்ல ரெண்டு விசில். பத்து நிமிஷம்" என்றார் சிவலிங்கம் சார்.

இறால் சோற்றை ஒரு பாத்திரத்தில் மாற்றி மூடி, மேஜையின் அந்தக் கோடியில் ஒதுக்கி வைத்தோம். குக்கரைத் தேய்த்துக் கழுவினோம். நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, சுலோசனா செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் கத்தரிக்காயும் தக்காளியும் புளியும் காரமும் சேர்த்து மூடியாயிற்று. வெயிட் போடுமுன் சிவலிங்கம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாமி, போடட்டா?" என்றார். இந்தக் களேபரத்திலும் உடன்படிக்கை! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "போடுங்கோ சார், போடுங்கோ" என்றேன். சோற்றுக்கு எங்கள் வீட்டுச் சாதத்தையே கொண்டுவந்து கொடுத்தேன். என் சாதம் கருவாட்டுக் குழம்போடு சேர்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சென்குப்தா சாப்பிட்டாரே, அதைப் பார்க்க வேண்டும். முதல் கவளத்தில் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை. மூன்றாம் தடவை சாதம் போட்டபோதுதான் பேசினார்.

"என் கல்யாணத்திலும் இறால்தான். பெண் வீட்டார் ஒரு மாதம் முன்பே தீர்மானித்த விருந்து. அன்று பார்த்து மோகன்பாகான் ஜெயித்துவிட்டது. நம்மை இளப்பம் செய்யத்தான் போட்டார்கள் என்று என் அப்பா இலையை விட்டு எழுந்துவிட்டார். சாகும்வரை என் மாமனார் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கல்யாணப் புடவையோடு நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. எனக்கு அப்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்."

நான் சிவலிங்கம் சாருக்கு இதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. கல்பனா. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ. மேட்ச் முடிவு அவளுக்குத் தெரியும். ஒதுக்கி வைத்த பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதும் வாசனையிலேயே தெரிந்திருக்கும். உள்ளே வரவும் பயம், போகவும் பயம். வருங்கால மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்குப்தாவும் அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தட்டிலிருந்த கையை எடுத்து, மேஜைக் கோடியிலிருந்த பாத்திரத்தைக் காட்டினார்.

"அதைத் திறங்கள்" என்றார்.

நானே போய்த் திறந்தேன். சிவலிங்கம் சார் கரண்டியில் ஒரே ஒரு இறாலை எடுத்து, பயந்து பயந்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்தார். கல்பனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. சென்குப்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளையைப் போல அதை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"இது சுப்ரதிமுக்குத் தெரியக்கூடாது. முக்கியமாக அவன் அம்மாவுக்குத் தெரியவே கூடாது" என்றார். பிறகு தட்டை முன்னால் நகர்த்தினார். "பெயாய்மொஷாய், இன்னும் ரெண்டு போடுங்கள்."

சிவலிங்கம் சார் கரண்டியோடு திருதிருவென்று விழித்தார். பஸ்ஸிலும் பஜாரிலும் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததே இல்லை போலும்.

"மாமி, என்ன சொல்லுதாவ?"

முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"உங்களைச் சம்பந்தின்னு கூப்பிடறார் சார். இன்னும் ரெண்டு வேணுமாம். போடுங்கோ."

கேட்டதென்னவோ இரண்டுதான். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதில் சிவலிங்கம் சாருக்குத் தட்டும் தெரியவில்லை, கரண்டியும் தெரியவில்லை. பாத்திரத்தையே சம்பந்தியின் தட்டில் கவிழ்த்துவிட்டார்.